உள்ளங்கை அளவு இ.சி.ஜி. கருவி: பதினான்கு மாதப் பயன்பாட்டில் கண்டவை

என் அப்பாவுக்கு வயது 76. வீரவநல்லூரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் குழித்தறியில் நெய்தவர். சென்ற ஆண்டு தை மாதத்திலிருந்து அவருக்கு அவ்வப்போது நெஞ்சு படபடப்பு வந்துகொண்டிருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "நாடா இந்தக் கரைக்கு வந்து சேரதுக்குள்ள மறுமிதி மிதிச்சா தறி எப்படித் தடுமாறும், அப்படி இருக்கு பிள்ள" என்றார். நாடா என்பது தறியில் குறுக்கு நூலை இருபுறமும் கொண்டுசெல்லும் கருவி. நான் பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். படபடக்கிறது என்று தொலைபேசியில் சொன்னதும் ஒரு வண்டி பிடித்து, அவரை அழைத்துவந்து, வரிசையில் காத்திருந்து இ.சி.ஜி. எடுப்பதற்குள் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் நெஞ்சு அடங்கிவிடும். தாளில் எல்லாம் சீராகத் தெரியும். மூன்று முறை இப்படியே நடந்தது. மூன்றாவது முறை ஒரு தனியார் மருத்துவமனையில், "வாயுத் தொல்லைதான், வயசாகிட்டுல்லா" என்று செரிமான மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் பெரியப்பா பக்கவாதம் வந்து, வலக்கையும் பேச்சும் போய், ஆறு ஆண்டுகள் அப்பா இருக்கும் அதே வீட்டின் பட்டாசாலையில், அதாவது கூடத்தில், கட்டிலோடு கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அவருக்கும் அதற்கு முன்பு இப்படிப் படபடப்பு வந்ததுண்டு என்று பெரியம்மா பின்னாளில் சொன்னார்கள். ஆகவே வாயு என்ற விடையோடு அமைந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. விசாரித்து, கைபேசியோடு இணையும் சிறிய இ.சி.ஜி. கருவி ஒன்றைப் பத்தாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இணையத்தில் வாங்கினேன். பதினான்கு மாதங்களாக அது எங்களிடம் இருக்கிறது. இதே அமைப்பில் பல நிறுவனங்கள் கருவிகளை விற்பதாலும், சில குறைகளைச் சொல்லவிருப்பதாலும், நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு இவ்வகைக் கருவியைப் பற்றியே எழுதுகிறேன்.

கருவி ஒரு சீப்புத் துண்டின் அளவுதான் இருக்கும். மேற்புறத்தில் இரண்டு உலோகத் தகடுகள் பதித்திருக்கும். இடக்கை விரல்களை ஒன்றிலும் வலக்கை விரல்களை மற்றொன்றிலும் வைத்து முப்பது நொடிகள் அசையாமல் இருந்தால், இரு கைகளுக்கும் இடையிலுள்ள மின் வேறுபாட்டைக் கருவி வாங்கி, கைபேசித் திரையில் அலையாக வரைந்து காட்டும். இதில் புதிய தத்துவம் ஒன்றும் இல்லை. நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோயாளியின் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர் வாளிகளில் வைக்கச் செய்து பதிவெடுத்தாரே, அந்த முறையின் முதல் இணைப்புதான் இது. அதற்காக அவருக்கு 1924-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அன்று ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற இயந்திரம் செய்த வேலையில் ஒரு பகுதியை இன்று சட்டைப் பையில் அடங்கும் பொருள் செய்கிறது. மருத்துவமனையில் எடுப்பது பன்னிரண்டு கோணப் பதிவு. இது ஒரே கோணம். இந்த வேறுபாட்டை வாங்குவோர் மறக்கக் கூடாது. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

முதல் வாரம் முழுவதும் தோல்விதான். "பதிவு தெளிவாக இல்லை" என்ற செய்தியே திரும்பத் திரும்ப வந்தது. நூலிலும் கஞ்சியிலும் புழங்கிக் காய்த்துப்போன விரல்கள் அப்பாவுடையவை. தோல் பனைமட்டை போல் வறண்டிருக்கும். ஈரத் துண்டால் விரல் நுனிகளைத் துடைத்துவிட்டு வைத்ததும் கோடு தெளிந்தது. அடுத்த தடை கை நடுக்கம். முழங்கைகள் இரண்டையும் மேசை மீது ஊன்றி, தோள்களைத் தளர்த்தி, பேசாமல் இருக்கச் சொன்னோம். அப்போதும் கோட்டின் மேல் மயிர்க்கூச்சு எடுத்தது போலச் சிறு சிறு அதிர்வுகள் தெரிந்தன. காரணம் செயலியின் அமைப்பில் இருந்தது. அமெரிக்க வீடுகளின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. மின் இரைச்சலை வடிகட்டும் இடத்தில் 60 என்றிருந்ததை 50 ஆக மாற்றியதும் கோடு வழுவழுப்பாக ஓடியது. இந்த ஒரு சொடுக்கைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டிருக்க வேண்டும். நான் மூன்று நாள் தேடி அலைந்த பிறகே கண்டுபிடித்தேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு அப்பாவுக்குப் படபடப்பு வந்தது. மேற்கே சாரல் அடித்துக்கொண்டிருந்த இரவு. அந்நேரத்தில் பாளையங்கோட்டைக்கு வருவது எளிதன்று. அவரே விரல்களைத் துடைத்துக்கொண்டு, என் தம்பியைக் கைபேசியைப் பிடிக்கச் சொல்லி, முப்பது நொடிப் பதிவை எடுத்தார். திரையில் "ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கக்கூடும்" என்று வந்தது. சுருக்கமாக ஏ.எஃப். எனப்படும் இதயத் துடிப்புக் கோளாறு அது. தம்பி அதை எனக்கு அனுப்பினான். நிமிடத்துக்கு 132 துடிப்பு. இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான தூரம் ஓரிடத்தில் அகன்றும், அடுத்த இடத்தில் நெருங்கியும், எந்தக் கணக்குக்கும் அடங்காமலும் இருந்தது. அப்பா சொன்ன தறித் தடுமாற்றம் அப்படியே கோடாகக் கிடந்தது.

மறுநாள் காலை அந்தப் பதிவை அச்செடுத்துக்கொண்டு ஓர் இதய மருத்துவரிடம் போனோம். அவர் கருவி எழுதியிருந்த முடிவைப் படிக்கவே இல்லை. மேசையிலிருந்த ஒரு வெள்ளைத் தாளின் ஓரத்தைக் கோட்டின் மேல் வைத்து, நான்கு துடிப்புகளின் உச்சிகளுக்கு நேரே பென்சிலால் குறியிட்டு, தாளை மெல்ல நகர்த்தி அடுத்த நான்கு உச்சிகளோடு பொருத்திப் பார்த்தார். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. பிறகு ஒவ்வொரு பெரிய உச்சிக்கும் முன்னால் மேலறை சுருங்குவதைக் காட்டும் சின்ன மேடு இருக்கிறதா என்று தேடினார். அதுவும் இல்லை. "ஏ.எஃப்.தான் ஐயா. இதை நாங்க பிடிக்கணும்னா உங்களை ஒரு வாரம் கட்டில்ல போட்டு வச்சிருக்கணும்" என்று அப்பாவிடம் சொன்னார். முப்பது நொடிப் பதிவில் இது தெளிவாகத் தெரிந்து, மருத்துவர் பார்த்து உறுதி செய்தால், நோயை முடிவு செய்வதற்கு அது போதும் என்று ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. இந்தக் கருவிக்குக் கொடுத்த பணம் அந்த ஒரு தாளிலேயே எங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பேன்.

இந்த நோயைப் பற்றிச் சில வரிகள் சொல்லாமல் கருவியை மதிப்பிட முடியாது. இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் உதறிக்கொண்டே இருக்கும் நிலை இது. உதறும் அறையில் இரத்தம் தேங்கும். குறிப்பாக இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல் போல் ஒட்டியிருக்கும் சிறு பையில் தேங்கி உறையும். அந்த உறைகட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. சிலருக்குப் படபடப்பு, மூச்சிரைப்பு, அசதி எல்லாம் தெரியும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. அப்பாவின் படபடப்பு போல வந்து வந்து போகும் வகையும் ஆபத்தற்றதன்று. வராத நேரத்தில் எடுத்த இ.சி.ஜி. சீராக இருந்ததைக் கொண்டு எங்களைத் திருப்பி அனுப்பியதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

கண்டுபிடித்ததோடு வேலை முடியவில்லை, அங்கிருந்துதான் தொடங்கியது. பன்னிரண்டு கோண இ.சி.ஜி., எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை), தைராய்டு, சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை ஆகியவற்றைச் செய்யச் சொன்னார்கள். எக்கோ எதற்கு என்று கேட்டேன். சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம் நாட்டில் இன்றும் நிறைய. இரத்தம் உறையாமல் தடுக்க அவர்களுக்குத் தரும் மருந்தே வேறு என்றார் மருத்துவர். ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளில் ருமாட்டிக் இதய நோயோடு ஏ.எஃப். உள்ள 4,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், புதிய மாத்திரையான ரிவரோக்சபானைவிடப் பழைய வார்ஃபரின் வகை மருந்தே நல்ல பலன் தந்தது. அப்பாவுக்கு வால்வு நன்றாக இருந்தது. பக்கவாத ஆபத்தை மதிப்பிடும் புள்ளிக் கணக்கில், வயது 75-ஐத் தாண்டியதற்கு இரண்டு புள்ளி, இரத்தக் கொதிப்புக்கு ஒன்று, ஆக மூன்று என்று கணக்கிட்டு, அபிக்ஸபான் என்னும் உறைவுத் தடுப்பு மாத்திரையைக் காலையும் இரவும் எழுதிக் கொடுத்தார்கள். துடிப்பின் வேகத்தை அடக்க மெட்டோப்ரோலால். அதுவரை மெடிக்கல் கடையில் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆஸ்பிரினை நிறுத்தச் சொன்னார்கள். "அதுவும் ரத்தம் இளக்குற மாத்திரைதானே" என்று அப்பா கேட்டார். ஏ.எஃப்.-ஆல் வரும் பக்கவாதத்தைத் தடுக்க ஆஸ்பிரின் போதாது, இரத்தக்கசிவு ஆபத்தோ அதிலும் உண்டு என்று பொறுமையாக விளக்கினார்கள். நம் ஊரில் எத்தனை வீடுகளில் ஆஸ்பிரினை நம்பிக்கொண்டு இருக்கிறார்களோ என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கருவி இந்த இரண்டாம் கட்டத்திலும் பயன்பட்டது. எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அப்போது துடிப்பு எவ்வளவு என்பதை அப்பா நாட்காட்டியின் கட்டத்தில் குறித்து, பதிவையும் சேமித்து வைத்தார். நோய் தெரிந்து ஓராண்டுக்குள் இதய லயத்தைச் சீராக்கும் சிகிச்சையைத் தொடங்கியவர்களுக்குப் பக்கவாதமும் இதய மரணமும் குறைந்தன என்று ஈஸ்ட் என்னும் ஐரோப்பிய ஆய்வு 2020-இல் காட்டியிருக்கிறது. அதனை மனத்தில் வைத்தே, மூன்று மாதப் பதிவுகளைப் பார்த்த பின் மருத்துவர் லயத்தைச் சீராக்கும் மருந்தையும் சேர்த்தார். முன்பு வாரம் இருமுறை வந்த படபடப்பு இப்போது மாதத்தில் ஒருமுறை வந்தால் அதிகம். கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறது. குறட்டைக்காகத் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள், அது இன்னும் பாக்கி.

அடுத்த வீட்டு ஆச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு 71 வயது. நெஞ்சில் ஒரு தொல்லையும் சொன்னதில்லை. அப்பா ஆர்வத்தில் ஒருநாள் அவர்கள் விரலையும் வைத்துப் பார்த்தார். அதே செய்தி வந்தது. மறுநாள் காலையும் வந்தது. சேரன்மகாதேவிக்குப் போய் முழு இ.சி.ஜி. எடுத்து, ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் எக்கோ பார்த்ததில் வால்வுச் சுருக்கம் இருந்தது. ஆச்சி இப்போது வார்ஃபரின் சாப்பிடுகிறார்கள், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பதற்காக மாதம் ஒருமுறை இரத்தம் கொடுக்கிறார்கள். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை எதையும் தொடக் கூடாது என்று யாரோ சொல்லக் கேட்டு இரண்டு மாதம் கீரையே சமைக்காமல் இருந்தார்கள். கீரையை அறவே விட வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் இருந்தால் போதும், மருந்தின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவமனையில் சொன்ன பிறகுதான் அவர்கள் முகம் தெளிந்தது.

இனிக் குறைகள். முதலாவது, உயிரோடு தொடர்புடையது. இந்தக் கருவி மாரடைப்பைக் காட்டாது. ஒரே கோணத்தில் அது தெரியாது. பதிவு "சீராக உள்ளது" என்று வந்தாலும் மாரடைப்பு இருக்கலாம். எங்கள் மதினி ஒருநாள் நெஞ்சில் பாரமாக இருக்கிறது என்று இதில் பதிவெடுத்து, சீராக இருக்கிறதென்று வந்ததும் படுத்துவிட்டார்கள். நல்வாய்ப்பாக அது வேறு காரணம். நெஞ்சு வலி, வாய் கோணல், கை தொய்வு, பேச்சுக் குழறல் எது வந்தாலும் கருவியைத் தேடாமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்று எழுதி, கருவியின் உறையிலேயே ஒட்டி வைத்துவிட்டேன்.

இரண்டாவது, தவறான எச்சரிக்கை. கை நடுங்கினாலோ, நடுவில் ஓரிரு கூடுதல் துடிப்பு வந்தாலோ ஏ.எஃப். என்று சொல்லிவிடும்; அல்லது "வகைப்படுத்த இயலவில்லை" என்று நிறுத்திவிடும். நாங்கள் கொண்டுபோன முப்பத்தொரு "இருக்கக்கூடும்" பதிவுகளில் ஆறு அப்படி ஒன்றும் இல்லை என்று மருத்துவர் ஒதுக்கினார். இது ஒரு வீட்டின் கணக்கு. எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். மூன்றாவது, பதற்றம். முதல் மாதம் அப்பா நாளொன்றுக்கு இருபது முறை பதிவெடுத்தார். பார்க்கப் பார்க்கப் பயம் கூடி, அந்தப் பயத்திலேயே நெஞ்சு வேகமாக அடித்தது. காலையில் ஒன்று, படபடப்பு வந்தால் ஒன்று என்று மருத்துவரே வரையறுத்த பின்புதான் வீடு அமைதியடைந்தது. இயல்பிலேயே பயந்த சுபாவம் உள்ள, வயதும் நோயும் இல்லாத ஒருவருக்கு இதை வாங்கிக் கொடுப்பது நன்மையைவிடத் தொல்லையே தரும் என்பது என் எண்ணம்.

செயலி முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த அப்பாவுக்காகத் தம்பி ஒவ்வொரு செய்திக்கும் பொருளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறான். பழைய பதிவுகளைச் சேர்த்து வைக்க ஆண்டுக் கட்டணம் கேட்கிறார்கள். ஒவ்வொரு பதிவையும் பி.டி.எஃப். ஆக்கி வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிவிடுவதால் நாங்கள் அதைக் கட்டவில்லை. எட்டாம் மாதம் ஒரு தகட்டின் ஓரம் பிளந்தபோது விற்பனையாளருக்கு நான்கு மின்னஞ்சல் எழுதியும் பதில் இல்லை. பட்டன் பேட்டரி மட்டும் டவுனில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையிலேயே கிடைக்கிறது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் பயன்படுத்தலாகாது என்று கையேட்டில் உள்ளதைச் சிறு எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

கைக்கடிகாரம் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 4,19,000-க்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டு 2019-இல் வெளியான ஆப்பிள் கைக்கடிகார ஆய்வில் 0.52 விழுக்காட்டினருக்கே எச்சரிக்கை வந்தது; அவர்களில் பின்னர் மார்பில் ஒட்டும் பதிவுக் கருவி அணிந்து திருப்பிக் கொடுத்தவர்களில் 34 விழுக்காட்டினருக்கு ஏ.எஃப். தெரிந்தது. தன்னால் கண்காணிப்பது கடிகாரத்தின் சிறப்பு. ஆனால் விலை அதிகம், நாள்தோறும் மின்னேற்ற வேண்டும், அப்பா வயதினர் இரண்டு வாரத்தில் கழற்றி வைத்துவிடுவார்கள். வீட்டு இரத்தக் கொதிப்புமானிகள் சிலவற்றில் துடிப்பு ஒழுங்கில்லை என்று காட்டும் குறி உண்டு. அது அடிக்கடி தெரிந்தால் புறக்கணிக்காமல் இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

ஒரு காசும் செலவில்லாத வழியும் இருக்கிறது. மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிடம் நாடி பார்ப்பது. தாளம் தப்பித் தப்பி அடித்தால், அது நோய் என்று முடிவாகாது, ஆனால் இ.சி.ஜி. எடுக்கக் காரணமாகும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கும் சகோதரிகள் எங்கள் தெருவுக்கும் வருகிறார்கள். 65 வயதைத் தாண்டியவர்களின் நாடியையும் அவர்கள் ஒரு நிமிடம் தொட்டுப் பார்த்தால், எங்கள் ஆச்சியைப் போன்றவர்கள் அடுத்த வீட்டுக்காரரின் ஆர்வத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. அந்த வேண்டுகோளை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதியும் கொடுத்திருக்கிறேன்.

யாருக்கு வாங்கலாம் என்று கேட்டால், வந்து வந்து போகும் படபடப்பு உடையவர்கள், காரணம் தெரியாத பக்கவாதம் ஒருமுறை வந்து மீண்டவர்கள், 65-ஐத் தாண்டிக் கொதிப்போ சர்க்கரையோ உடையவர்கள், அவர்களுக்குள்ளும் பதிவைப் பார்த்துச் சொல்ல ஒரு மருத்துவரும் கைபேசியை இயக்க ஒரு பிள்ளையும் அருகில் உள்ளவர்கள் வாங்கலாம் என்பேன். மருத்துவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்; உடலில் அணிந்துகொண்டு எடுக்கும் 24 மணி நேர ஹோல்ட்டர் இ.சி.ஜி. பதிவே போதும் என்று அவர் சொன்னாலும் சொல்லலாம். எல்லாக் கைபேசிகளோடும் எல்லாக் கருவிகளும் இணைவதில்லை. தம்பியின் பழைய கைபேசியில் எங்களுடையது வேலை செய்யவே இல்லை. முடிந்தால் கடையிலேயே, யார் கைபேசியில் இயக்கப் போகிறீர்களோ அதிலேயே இணைத்து, விரலை ஈரத்துணியால் துடைத்து ஒரு பதிவு எடுத்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.